யிவு இறக்குமதியா, சௌகார்பேட்டை சரக்கா: ஃபேன்ஸி கடைக்கு எது கட்டுபடியாகும்?

சென்னை சௌகார்பேட்டை மொத்தச் சந்தையின் நாராயண முதலி தெருவில் 18 ரூபாய்க்கு வாங்கும் கிளட்சர் (ஸ்பிரிங் வைத்த கூந்தல் கிளிப்), சீனாவின் யிவு சந்தையில் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி விலை போலத் தெரியும். ஆனால் ஒரே கடை வைத்திருப்பவருக்கு இந்த இறக்குமதி பெரும்பாலும் கட்டாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சரக்கு 2,00,000 ரூபாய், கப்பல் கூலியும் காப்பீடும் 20,000. சுங்கம் 2,20,000-க்கு வரி போடும். அடிப்படை வரி 20% என்றால் 44,000. அந்த வரியின் மேல் சமூக நல கூடுதல் வரி 10%, அதாவது 4,400. இவற்றின் மொத்தத்துக்கு ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 18% என்றால் 48,312. இதைப் பிறகு நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை கைக்காசு முடங்கும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் குறைந்த சதவீதம் மட்டும் ஜிஎஸ்டி கட்டும் முறை) இருப்பவருக்குக் கழிவே இல்லை. கிடங்கு, டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் கடிதம்), கிளியரிங் ஏஜென்ட் (சுங்க வேலையை முடித்துத் தருபவர்), லாரி எல்லாம் சேர்த்து 35,000 வையுங்கள். ஐஜிஎஸ்டி நீங்கலாக அடக்கம் 3,03,400. இதை 20,000 கிளட்சருக்கு வகுத்தால், பத்து ரூபாய் கிளட்சர் கடைக்கு வரும்போது 15 ரூபாய் 17 காசு. யிவு ஏஜென்டின் கமிஷன், உடைசல், விற்காமல் தங்கும் நிறங்கள் எதுவும் இதில் இல்லை. வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். எச்எஸ் கோடை (வரி விகிதத்தைத் தீர்மானிக்கும் பொருள் வகை எண்) கிளியரிங் ஏஜென்டிடம் முதலில் உறுதி செய்யுங்கள்.

அந்த 35,000-தான் பலர் ஏமாறும் இடம். பலர் சரக்கு சேர்ந்து வரும் பங்குக் கன்டெய்னரில் ஒரு கனமீட்டர் அனுப்பும்போது, விற்பவர் 'சிஐஎஃப் சென்னை (கப்பல் கூலி, காப்பீடு சேர்த்த விலை), கூலி மிகக் குறைவு' என்பார். அங்கே குறைத்ததை இங்குள்ள ஏஜென்ட் டெலிவரி ஆர்டர் கட்டணமாக வசூலித்துவிடுவார். கட்டாமல் சரக்கு கைக்கு வராது. எஃப்ஓபி விலை (சீனத் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையிலான விலை) கேளுங்கள். ஃபார்வர்டரை (சரக்கு அனுப்பும் ஏற்பாட்டாளர்) நீங்களே அமர்த்தி, சென்னைச் செலவு முழுவதையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

'கிலோவுக்கு இவ்வளவு, வரி உட்பட வீட்டு வாசலில்' என்னும் சேவைக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்ஜியம். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) உங்கள் பெயரில் இருக்காது. அதனால் ஐஜிஎஸ்டி கழிவும் இல்லை. சோதனையில் சிக்கினால் காட்டக் காகிதமும் இல்லை.

தரத்தில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக்கும். கிளட்சரை முழுக்கத் திறந்து பத்து முறை அழுத்துங்கள். மறுசுழற்சிப் பிளாஸ்டிக் என்றால் ஸ்பிரிங் உட்காரும் காதில் வெள்ளைக் கோடு விழும், அங்கேதான் உடையும். சாம்பிள் நல்ல ஏபிஎஸ்ஸில் (உறுதியான ஒரு வகைப் பிளாஸ்டிக்) வந்து, மொத்தச் சரக்கு மட்டமாக வருவதுண்டு. ஆகவே சாம்பிளின் எடையை கிராமில் ஆர்டரில் எழுதி, மீதி 70% பணம் கட்டுமுன் பெட்டியைப் பிரித்து நிறுக்கச் சொல்லுங்கள். கப்பலில் ஈரம் ஏறி ஸ்பிரிங் துருப்பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் பையும் கேட்டு வாங்குங்கள்.

சௌகார்பேட்டையில் இதையெல்லாம் கையால் அழுத்திப் பார்த்தே வாங்கலாம். நிறத்துக்கு ஒரு டஜன் எடுத்து, ஓடுவதை மட்டும் அடுத்த வாரம் மீண்டும் எடுக்கலாம். யிவுவில் ஒரு டிசைனுக்கு முழுப் பெட்டி கேட்பார்கள். சௌகார்பேட்டையின் குறை என்றால், அதே டிசைன் பக்கத்துக் கடையிலும் தொங்கும். ஜிஎஸ்டி பில் கேட்டால் விலை மாறும் இடங்களும் உண்டு. பில் இல்லாத விலையை வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஒரே டிசைன் வருடம் முழுக்க ஓடுகிறது, மூன்று நான்கு கடைகள் சேர்ந்து பெட்டிகளைப் பிரித்துக்கொள்ள முடியும் என்றால் இறக்குமதி செய்யலாம். அதற்கு ஐஇசி என்னும் இறக்குமதி-ஏற்றுமதி எண் (கட்டணம் 500 ரூபாய்) எடுத்து, உங்கள் வங்கி தரும் ஏடி கோடை (வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான வங்கி எண்) சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பதிய வேண்டும். பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, எம்ஆர்பி அச்சிட்டிருக்க வேண்டும். தீபாவளிக்கு விற்க வேண்டிய சரக்குக்கு ஜூன் மாதமே ஆர்டர் போடுங்கள். சீனப் புத்தாண்டையொட்டி, ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி வரை, பட்டறைகள் மூடியிருக்கும். அப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.