நார்த் ஷோர், சவுத் ஷோர்: ஒன்று போனது, ஒன்று ஓடுகிறது

சிகாகோவிலிருந்து இரண்டு மின்சார ரயில்கள் ஊர் விட்டு ஊர் ஓடின. வடக்கே மில்வாக்கிக்கு நார்த் ஷோர், கிழக்கே சவுத் பெண்டுக்கு சவுத் ஷோர். 1920களில் இரண்டையும் கையில் வைத்திருந்து புதுப்பித்தவர் சாமுவேல் இன்சல் என்ற மின்சார முதலாளி.

அழகில் நார்த் ஷோர்தான் உசத்தி. 1941இல் வந்த அதன் எலக்ட்ரோலைனர் என்ற ரயில், வெளியூரில் மணிக்கு 130 கி.மீ.க்கு மேல் பறக்கும். அதே வண்டி சிகாகோவின் மேம்பாலப் பாதையில் கட்டடங்களுக்கு நடுவே குறுகிய வளைவுகளில் திரும்பும். உள்ளே உட்கார்ந்து சாப்பிட 'எலக்ட்ரோபர்கர்' கூடக் கிடைக்கும்! ஆனால் வருமானத்தில் பெரும்பங்கு பயணிகளை நம்பியே இருந்தது. 1951இல் ஈடன்ஸ் விரைவுச்சாலை திறந்ததும் ஆட்கள் காருக்கு மாறினார்கள். 1963 ஜனவரியில் ரயில் நின்றது. அவ்வளவு நல்ல வண்டியை இழந்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

சவுத் ஷோர் பகட்டில்லாதது. இண்டியானா மாநிலத்தின் மிச்சிகன் சிட்டி என்ற ஊரில் 2022 வரை நடுத்தெருவில், கார்களோடு கார்களாகப் போனது. அதைக் காப்பாற்றியது சரக்கு: இண்டியானாவின் எஃகு ஆலைகளும் நிலக்கரியும் சோறு போட்டன. அப்புறம் பயணிகள் சேவையைத் தாங்க 1977இல் அரசு அமைப்பு ஒன்று உருவானது. என்னைக் கேட்டால், சரக்கைவிட இந்த அரசுப் பணம்தான் பெரிய வித்தியாசம். நார்த் ஷோருக்கு அந்தக் கை நீளவில்லை. அது மூடிய மறு ஆண்டே, அதன் ஒரு சிறு பகுதியில் மட்டும் நகரப் போக்குவரத்து நிறுவனம் 'ஸ்கோக்கி ஸ்விஃப்ட்' என்று ரயில் விட்டது; கூட்டம் வந்தது.