இனிப்பும் புளிப்புமாக ஹாட் டாக்: அன்னாசி சாஸா, கெட்சப் கடுகு சாஸா?

எந்த சாஸ் செய்தாலும் 8 சாசேஜ் போதும். 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, வெட்டிய முகம் பழுப்பாகும்வரை முதலில் வதக்கி எடுத்துவைத்து, பிறகு சாஸில் சேருங்கள். இதைத் தவிர்த்தால் சாஸ் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். உப்பு வேண்டாம், சாசேஜில் இருப்பதே அதிகம்.

அன்னாசி சாஸுக்கு அரை கப் அன்னாசிச் சாறு, 3 மேசைக்கரண்டி வினிகர், 2 மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, 1 மேசைக்கரண்டி சோயா சாஸ். கொதி வந்ததும் 1 மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுங்கள். மாவை நேராகத் தூவினால் கட்டி தட்டும். கண்ணாடிபோல் பளபளத்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் கெட்டியான சாஸ் மறுபடி நீர்த்துவிடும். குடைமிளகாயும் அன்னாசித் துண்டுகளும் கடைசி 2 நிமிடத்தில்.

கெட்சப் சாஸ் சுலபம்: அரை கப் கெட்சப், கால் கப் பழுப்புச் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி வினிகர், 1 மேசைக்கரண்டி கடுகு சாஸ். சிறுதீயில் 10 நிமிடம். கெட்சப்பிலேயே சர்க்கரை உண்டு, கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும்.

கூடவே ஒயின் பரிமாறுவதென்றால், அது உணவைவிட இனிப்புக் குறைந்தால் வாயில் வெறும் புளிப்பாகத் தெரியும். ஆகவே அன்னாசிக்கு லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் வெள்ளை ஒயின், நன்கு குளிரவைத்து. கெட்சப்புக்குப் பழச்சுவை தூக்கலான ஜின்ஃபண்டெல் சிவப்பு ஒயின், அல்லது நுரைக்கும் சிவப்பு ஒயினான லாம்ப்ரூஸ்கோ. துவர்ப்பு மிகுந்த கபர்னே சிவப்பு ஒயின் இரண்டுக்குமே கசந்துவிடும். ஒயினுக்காகவே சமைப்பதென்றால் எங்கள் ஓட்டு அன்னாசிக்குத்தான்.