நாத்துக்கு குரோ லைட் வாங்கறவங்க உஷார், எனக்கு 18,400 ரூபா போச்சு

நர்சரி வெச்சிருக்கறவங்க இதைப் படிச்சுட்டு அப்பறம் ஆர்டர் போடுங்க. 18,400 ரூபாங்க, வயிறு எரியுது.

நமக்கு வேலந்தாவளம் பக்கம், தக்காளி நாத்து தான் மெயின். ஆடியில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து காத்தும் மூடாப்புமா வந்து வெயிலே கிடைக்காது, அதுக்குத்தான் வெயிலுக்குப் பதிலா செடிக்கு வெளிச்சம் குடுக்கற இந்த குரோ லைட்டைத் தேடினேன். விவசாய சாமான் விக்கற ஒரு ஆப்புல ஒருத்தர் சிக்குனாரு. அவரு போன்ல சொன்ன விஷயம் பூரா உண்மைங்க, அதுலதான் நம்பிட்டேன். இருட்டுல முளைச்சா ஆக்சின், ஜிப்ரலின் ஹார்மோன் ரெண்டும் தண்டை நீட்டிட்டே போகும், 660 நானோமீட்டர் சிவப்பு வெளிச்சம் பட்டாத்தான் பைட்டோகுரோம்ங்கற, செடிக்குள்ள வெளிச்சத்தை உணர்ற புரதம் வேலைக்கு வந்து நீட்டலை அடக்கும், 730 நானோமீட்டர் வெளிச்சம் அந்தப் புரதத்தை மறுபடி அணைச்சுப் போடும், பச்சையம் உண்டாக்கற என்சைமுக்கும் வெளிச்சம் இருந்தாத்தான் வேலைன்னு விலாவாரியா சொன்னாரு. "அண்ணா நானும் தோட்டத்துக்காரன் தான், உங்க நாத்துக்கு நான் பொறுப்பு"ன்னாரு. அந்தப் பேச்சுக்கே முழுப் பணமும் அனுப்பிட்டேன்.

லைட்டு ஊதாக் கலர்ல பளபளன்னு எரிஞ்சுது. ஆனா 98 குழி ட்ரே அத்தனையிலும் நாத்து நூல் மாதிரி நீண்டு, தண்டு வெளுத்து, வித்திலை மஞ்சளாகி ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கிடக்குது. வேளாண் காலேஜ்ல படிக்கற அண்ணன் பையன் வந்து மூடியைக் கழட்டிப் பார்த்தா, சாதா வெள்ளை எல்இடி மேல ஊதாக் கண்ணாடிப் பேப்பரை ஒட்டி வெச்சிருக்கானுங்க! 40 வாட்னு போட்டிருக்கறது மீட்டர்ல 9 வாட் தான் இழுக்குது. 660-ஐ வாயில சொன்னதோட சரி.

போன் பண்ணா "தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்க", அடுத்து "விதை சரியில்லீங்க", அப்பறம் நம்பரையே பிளாக் பண்ணிட்டாரு. ஆப்புக்காரங்க "பெட்டி பிரிச்சாச்சு, ரிட்டர்ன் ஆகாது"ன்னு கம்ப்ளைண்டை மூடிட்டாங்க. போட்டோ, வீடியோ எதையும் திறந்து கூடப் பார்க்கல. 18,400 ரூபா, அது போக நாத்துக்கு அட்வான்ஸ் குடுத்த விவசாயிங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?

வாங்கறதுன்னா முழுப் பணம் முதல்லயே குடுக்காதீங்க. பெட்டி பிரிக்கறப்பவே வீடியோ எடுங்க, மூடியைக் கழட்டிப் பாருங்க, வாட் அளந்து பாருங்க. ஏமாந்திருந்தா 1915-க்கு அடிங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன், நானும் அங்கதான் புகார் குடுத்திருக்கேன்.