ஸ்கிராப்புக் தொடக்கப் பெட்டி: வாங்கலாமா?

அப்பாவின் பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்தும் எண்ணத்தில், பாரிமுனைக் கடை ஒன்றில் 850 ரூபாய்க்கு வாங்கிய ஸ்கிராப்புக் (படங்களை ஒட்டி, குறிப்பெழுதி அலங்கரிக்கும் ஆல்பம்) தொடக்கப் பெட்டியை இரண்டு மாதங்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். ஆல்பம், வண்ண அட்டைகள், ஸ்டிக்கர்கள், அலங்கார டேப்புகள், ஒரு பசைக்குச்சி ஆகியவை அதில் இருந்தன.

ஆல்பத்தின் அளவில் குறையில்லை. 12 அங்குலச் சதுரப் பக்கம் என்பதால், 4×6 அங்குலப் படங்கள் மூன்றை வைத்த பின்னும் யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுத இடம் மிஞ்சுகிறது.

ஏமாற்றியது தாள்தான். புகைப்படத்தை ஒட்டியபடி பல்லாண்டுகள் இருக்க வேண்டிய தாளில் அமிலமும், மரக்கூழில் இயல்பாக உள்ள லிக்னின் என்ற பொருளும் இருக்கக்கூடாது. லிக்னின் மிகுந்த மலிவுத் தாள் செய்தித்தாளைப் போலவே வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும், அமிலமோ தாளை நொறுங்கச் செய்வதோடு படத்தையும் கறைப்படுத்தும். பெட்டியின் மீது இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பக்கங்களை மூடும் பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி என்று அச்சிட்டிருந்தது; அது நாளடைவில் படங்களைக் கெடுக்கும் பிளாஸ்டிக் என்பதால், அவற்றைக் கழற்றிவிட்டுப் படங்களுக்குப் பாதுகாப்பான பாலிபுரொப்பிலீன் உறைகளை மாட்டினேன்.

பசைக்குச்சி சென்னையின் ஈரக்காற்றில் பத்தே நாளில் பிடிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. மீண்டும் கிடைக்காத படத்தில் பசை தடவவே கூடாது, அதன் மூலைகளைக் காகித முக்கோணங்களில் செருகி வைப்பதே முறை, அல்லது ஸ்கேன் செய்து பிரதியை ஒட்டலாம்.

பிள்ளைகளின் சுற்றுலாப் படங்களுக்கு இந்தப் பெட்டி போதும். பழைய குடும்பப் படங்களுக்கென்றால், அமிலமற்றது என்று குறிப்பிட்ட ஆல்பத்தையும் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனமுள்ள அட்டைகளையும் தனித்தனியே வாங்குங்கள். ஸ்டிக்கர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.