மேல்தாடை முறிவு: மாத்திரையா, அறுவையா?

சிங்கப்பூரில் பூங்காக்களை இணைக்கும் பாதையான பார்க் கனெக்டரில் சைக்கிளோடு விழுந்த மச்சானுக்கு மேல்தாடையில் விரிசல். "மாத்திரையிலேயே ஆறிடாதா?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். எலும்பை ஒட்டவைக்கும் மாத்திரை கிடையாது. வலியையும் கிருமித்தொற்றையும் அடக்குவதுதான் அதன் வேலை, ஒட்டுவது உடம்பு.

எலும்பு நகரவில்லை, பற்கள் பழையபடி பொருந்துகின்றன என்றால் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. 4 முதல் 6 வாரம் கஞ்சி, குழைந்த சாதம். மூக்கைச் சிந்தக்கூடாது, சிந்தினால் சைனஸ் காற்று தோலடியில் புகுந்து முகம் வீங்கும். மச்சானுக்கு இந்த வழிதான். தேக்காவில் எங்கள் தட்டுப் பரோட்டாவைப் பார்த்தபடி பார்லி தண்ணீர் குடித்தார், பாவம்.

மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம் மாறிவிட்டால், மேல்தாடையே ஆடினால், கதை வேறு. 1901இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர் வகுத்த 3 முறிவு வகைகளில், பற்களுக்கு மேலே குறுக்காக முறியும் முதல் வகைக்கு மேலுதட்டின் உட்புறம் கீறி டைட்டேனியம் தகடும் திருகும் வைப்பார்கள். வெளியே தழும்பு தெரியாது. முறிவு மேலே போகப்போகக் கண்ணருகிலும் கீற வேண்டிவரலாம். மயக்க மருந்து, மரத்துப்போன உதடு, செலவு எல்லாம் உண்டுதான். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு ஓரளவு கைகொடுக்கும். பயந்து தள்ளிப்போட்டாலோ எலும்பு கோணலாக ஒட்டிக்கொள்ளும். அதை மறுபடி வெட்டிச் சரிசெய்வது பெரும்பாடு.

அடிபட்ட பின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் இந்த யோசனையே வேண்டாம், உடனே 995இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.