பேசும் பெட்டியும் அதன் மாத வாடகையும்: பாலக்கோட்டு மளிகைக் கடை அனுபவம்

காரிமங்கலத்தில் ஜூஸ் கடை போடப் போகும் மச்சான் கேட்டான்: கடைக்குச் சவுண்ட் பாக்ஸ், அதாவது கியூஆரில் பணம் விழுந்ததும் எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லும் பெட்டி, வாங்கலாமா, வாங்கினால் எது? ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பெட்டி இப்போதுதான் ரிப்பேர் முடிந்து மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறது, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். நமக்குப் பாலக்கோட்டில் மளிகைக் கடை. பெட்டி வந்து சில வருஷங்கள் ஆகின்றன. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஒருவரைத் திட்டிவிட்டு அடுத்தவரிடம் மாறினால் தீர்ந்துபோகிற விஷயம் இல்லை இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது. நான் சரக்கு எடுக்க தருமபுரி போகும்போது கடையில் அம்மாதான் இருப்பார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பெட்டி வருவதற்கு முன்னால், வாங்குகிறவர்கள் போன் திரையைக் காட்டி "ஜிபே போட்டுட்டேன்மா" என்பார்கள், அம்மா தலையாட்டுவார், ராத்திரி கணக்குப் பார்த்தால் பணம் வந்திருக்காது. முந்தாநாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். பெட்டி வந்த பிறகு அந்தக் கதை நின்றது. எத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்கிறது, தக்காளி மண்டிக்கு வந்த லாரி ஹாரன் அடித்தாலும் காதில் விழுகிறது. சொல்லவில்லை என்றால் அம்மா பொருளைக் கொடுப்பதில்லை. "பொட்டி சொல்லலையே கண்ணு, இன்னொரு வாட்டி பாரு" என்று நிதானமாகச் சொல்லிவிடுகிறார். படிக்கத் தெரியாத ஒருவர் யாரையும் நம்பி இருக்காமல் தன்னந்தனியாக ஒரு கடையை நடத்த முடிகிறது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளிப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். முன்பெல்லாம் வீட்டுக்கு வாங்கின சாமானுக்குக் கடன் நோட்டில் எழுதிக்கொண்டே போவோம், பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ பையன் வந்தால்தான் அடையும். இப்போது சனிக்கிழமை கூலி கிடைத்ததும் அங்கிருந்தே போட்டுவிடுகிறான், இங்கே பெட்டி சொல்கிறது, அவன் அம்மா கடைவாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார். கடன் நோட்டு மெலிந்துவிட்டது. இந்த ஒன்றுக்காகவே யுபிஐ கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்லலாம், மனசாரச் சொல்கிறேன்.

இனி ரிப்பேர் கதை. சார்ஜ் பின் ஆடிப்போய் பெட்டி ஊமையாகிவிட்டது. மாட்டிவைத்துவிட்டுப் போன தம்பியின் எண்ணுக்கு அடித்தால் அவர் வேலையை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். செயலியில் புகார் போட்டால் "உங்கள் டிக்கெட் பதிவானது" என்று வருகிறது, மறுநாள் "தீர்க்கப்பட்டது" என்று வருகிறது, நடுவில் ஒரு ஆளும் கடைப்பக்கம் வரவில்லை. உதவி எண்ணில் தமிழுக்கு எண்ணை அழுத்தினாலும் இந்தியில்தான் பேசினார்கள். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொருள் என்றால் பழுதாகும். பொறுக்க முடியாதது வாடகை. மாதம் 100 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 118. வருஷத்துக்கு 1,416 ரூபாய். பெட்டி பேசாமல் அலமாரியில் கிடந்த காலத்துக்கும் அது பிடிக்கப்பட்டது. கேட்டுப் பிடிக்கவில்லை. நம் கியூஆரில் விழும் பணம் நேராக நம் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை, அந்த நிறுவனத்தின் வழியாகத் தொகையாகச் சேர்ந்துதான் வருகிறது, அப்படி வரும்போதே வாடகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறார்கள். நான் மளிகைப் பாக்கியைக் கேட்டு ஒருவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்றால் நூறு தடவை யோசிக்கிறேன். இவர்களுக்கு யோசிக்கவே தேவையில்லை, பணம் முதலில் அவர்கள் கையில் இருக்கிறது. திருப்பிக் கேட்டதற்கு "கருவி உங்கள் வசம் இருந்த காலத்துக்கு வாடகை உண்டு" என்று பதில். ஒரு கிலோ சர்க்கரையில் ஒன்றரை ரூபாய் நின்றால் பெரிது என்று வியாபாரம் பண்ணுகிறவனிடம் சொல்கிற பதிலா அது?

சரி, இந்த வாடகை ஏன் வந்தது என்று யோசித்தால் கதை டெல்லி வரை போகிறது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரியிடம் எம்டிஆர் கட்டணம் (ஒவ்வொரு வரவிலும் நூற்றுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் பங்கு) வாங்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. நமக்கு அது நல்லதுதான், கிரெடிட் கார்டு மாதிரி நூற்றுக்கு இவ்வளவு என்று போயிருந்தால் மளிகைக் கடையில் யாரும் கியூஆர் ஒட்டியிருக்கவே மாட்டோம். 2025 ஜூனில் மறுபடி கட்டணம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோது நிதி அமைச்சகம் உடனே மறுத்ததும் நல்லதே. ஆனால் கட்டணம் இல்லை என்று சொன்னதோடு அரசின் வேலை முடிந்துவிட்டது. நிறுவனங்கள் எதில் சம்பாதிக்கும் என்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை, அவை வேறு வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டன: பெட்டி வாடகை, கடன், விளம்பரம். சின்னக் கடைகளில் நடக்கும் 2,000 ரூபாய் வரையான பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை என்று 2024-25க்கு 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது வங்கிகளுக்கும் செயலி நிறுவனங்களுக்கும் போகிற பணம். சின்ன வியாபாரிக்கு ஆதரவு என்று பெயர், அதே சின்ன வியாபாரி மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். அரசிடமும் வாங்கிக்கொண்டு என்னிடமும் வாங்கினால் எதை இலவசம் என்கிறார்கள்?

பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறலாமே என்பார்கள். பெட்டியை மாற்றலாம். பணம் அனுப்புகிறவர் கையில் இருக்கும் செயலியை யார் மாற்றுவது? நாட்டில் நடக்கும் யுபிஐ பரிவர்த்தனையில் ஏறக்குறைய 80 சதவீதம் போன்பே, கூகுள் பே இரண்டின் வழியாகத்தான் போகிறது. ஒன்று வால்மார்ட் கையில், இன்னொன்று கூகுள் கையில். யுபிஐயை 2016-ல் கொண்டுவந்தது நம் வங்கிகள் சேர்ந்து வைத்திருக்கும் என்பிசிஐ, லாப நோக்கமில்லாத நிறுவனம். சாலையை நாம் போட்டோம், அதில் ஓடுவது பெரும்பாலும் இரண்டு அமெரிக்க முதலாளிகளின் வண்டி. இது அரசுக்கும் என்பிசிஐக்கும் தெரியாதா? தெரியும். எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரிலேயே என்பிசிஐ விதி போட்டது. ஏற்கெனவே பெரிதாக இருப்பவர்களுக்கு 2022 கடைசி வரை அவகாசம், அப்புறம் அது 2024 கடைசிக்குப் போனது, அப்புறம் 2026 டிசம்பர் 31. எனக்கு ஜிஎஸ்டி தாக்கல் ஒரு நாள் பிந்தினால் அபராதம் உண்டு. இவர்களுக்கு மட்டும் கெடு வரும்போதெல்லாம் இரண்டு வருஷம் கூடுகிறது.

ஒரே இடத்தில் எல்லாம் குவிந்தால் என்ன ஆகும் என்று பார்த்தும் இருக்கிறோம். 2024-ல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டபோது, அந்த வங்கிக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் மார்ச் 15-க்குள் வேறு வங்கிக்கு மாற வேண்டி வந்தது. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, யுபிஐ நாடு முழுக்கப் படுத்தது. வார நாளாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். கூலி வாங்கிக்கொண்டு சாமான் வாங்க வரும் நாளில் பையில் ஒரு ரூபாய் ரொக்கம் இல்லாமல் நிற்பவர்களிடம் என்ன சொல்வது? தெரிந்த முகங்களுக்குக் கடன் நோட்டு மறுபடி வெளியே வந்தது.

கடன் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டி வைத்த சில மாதங்களிலேயே "உங்களுக்கு இத்தனை லட்சம் தயார்" என்று அழைப்பு வர ஆரம்பித்துவிடும், ஏனென்றால் நம் தினசரி வரவு நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். பக்கத்து டிபன் கடை அண்ணன் வாங்கினார். தண்டல் மாதிரியே தினமும் பிடித்தம். தண்டல்காரரிடம் "இன்னைக்கு மழைங்க, யாவாரமே இல்ல, நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கோங்க" என்று சொல்ல முடியும், அவரும் முணுமுணுத்துவிட்டுப் போவார். இங்கே சொல்வதற்கு ஆளே இல்லை. காலையில் இட்லி விற்ற காசு சாயங்காலம் கணக்குக்கு வரும்போதே குறைந்து வருகிறது, மாவு அரைக்க அரிசி வாங்க என் கடையில் கடன் சொல்கிறார்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது 2025 ஜூலையில். யுபிஐ வரவைக் கணக்கில் எடுத்து கர்நாடக வணிகவரித் துறை சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு 29 லட்சம் ரூபாய் வரி என்று செய்தி வந்தது. பெங்களூரில் டீக்கடை, பேக்கரிகளில் யுபிஐ வேண்டாம், ரொக்கம் மட்டும் என்று அட்டை தொங்குவதை ஊருக்கு வந்த பையன்கள் சொன்னார்கள். நோட்டீஸ் என்பது முடிவான வரி இல்லை, விளக்கம் கொடுக்கலாம் என்று துறை சொன்னது, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதல்வர் சித்தராமையாவும் சொன்னார், அதுவரை சரி. வரி கட்ட வேண்டியவர்கள் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பொருள் விற்கிறவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு என்பது நியாயமான கோடுதான். ஆனால் கியூஆரில் விழுவதெல்லாம் விற்பனையா? எங்கள் ஊர்ப் பக்கம் ஏடிஎம் தூரம், பாதி நாள் பணமும் இருக்காது. பெங்களூரிலிருந்து பையன் என் கியூஆருக்கு 2,000 ரூபாய் போட்டுவிட்டு "அம்மாகிட்ட கையில குடுத்துருங்கண்ணா" என்பான், நான் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை, ஊருக்குச் செய்கிற உதவி. பெட்டிக்கு அது 2,000 ரூபாய் வரவு, நாளைக்கு யாராவது அதிகாரி பார்த்தால் 2,000 ரூபாய் வியாபாரம். அரசாங்கமே தள்ளித் தள்ளி நம்மை டிஜிட்டலுக்குக் கூட்டிவந்தது, 2016 நவம்பர் 8-ல் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்ன பிறகு வங்கி வாசலில் நின்ற வரிசையை மறக்கவில்லை. வந்து சேர்ந்த பிறகு அந்தப் பதிவையே வைத்து சந்தேகப்பட்டால் எப்படி?

ஆகவே மச்சான், என் பதில்: வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைக்காதே. உன் கடையில் நீயே நிற்கப் போகிறாய், உனக்குப் படிக்கத் தெரியும். வங்கியில் கேட்டால் காகித கியூஆர் கொடுப்பார்கள், பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் வியாபாரிகளுக்கான செயலியைப் போட்டுக் குரல் அறிவிப்பை ஆன் பண்ணிவிட்டால் பாதி வேலை நடக்கும். மிக்ஸி சத்தத்தில் சில நேரம் கேட்காது, அப்போது திரையைப் பார்த்துக்கொள். எங்கள் பெட்டி இருக்கட்டும், அம்மாவுக்கு அது வேண்டும், அதனால் 118 ரூபாயை நான் கட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

மீறி வாங்குவதாக இருந்தால், மாட்ட வரும் தம்பியிடம் வாடகை எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் எந்த நாளிலிருந்து நிற்கும் என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்கு, வாய்ப்பேச்சு வேண்டாம். பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து வை. ஊர்க்காரர்கள் அனுப்பும் கைப்பணத்தைக் கடை கியூஆரில் வாங்காதே, உன் சொந்த நம்பரில் வாங்கி, யாருக்குக் கொடுத்தாய் என்று ஒரு நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொள். கடன் அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காமல் வேண்டாம் என்று சொல்லிப் போனை வை. இங்கே வியாபாரிகள் சங்கத்தில் நான் பேசியிருக்கிறேன்: பழுதான நாட்களுக்கு வாடகை கிடையாது, ஒப்பந்தம் தமிழில் வேண்டும், இந்த இரண்டையும் எழுதி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்கலாம் என்று. வாடகையைக் கலெக்டர் நேரடியாக நிறுத்த முடியாது என்று ஒருவர் சொன்னார். முடியாமல் இருக்கலாம், மேலே அனுப்ப முடியும். காரிமங்கலத்திலும் நாலு கடைக்காரர்களைக் கேட்டுப் பார், கையெழுத்துப் போடுகிறவர்கள் இருந்தால் சொல்.