பேட்லாண்ட்ஸில் தனியாகக் காரோட்டிய ஆறு ஆண்டுகள்: உடன் கொண்டுபோனவற்றில் எவை உதவின

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் குடியேறிய மறு ஆண்டு, 2018 செப்டம்பரில், தெற்கு டகோட்டா மாநிலத்தின் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு முதன்முதலாகத் தனியாகக் காரோட்டிப் போனேன். அதன்பின் 2024 வரை அதே நான்கு சக்கர இயக்கக் காரில் இன்னும் நான்கு முறை போய்வந்திருக்கிறேன். இந்தப் பயணங்களுக்கென்று வாங்கிய பொருள்களில் எவை பயன்பட்டன, எவை வீணாயின என்பதைத் தனியாகப் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். துணையோடு போகிறவர்களுக்குச் சிறு தொல்லையாக முடிவது, தனியாகப் போகிறவருக்கு ஒரு முழு நாளையே விழுங்கிவிடும்.

வீட்டிலிருந்து பூங்காவுக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர். இன்டர்ஸ்டேட் 90 நெடுஞ்சாலையில் சேம்பர்லின் அருகே மிசோரி ஆற்றைக் கடக்கும்வரை மக்காச்சோளமும் சோயாவும்தான் இருபுறமும் தெரியும். ஆற்றுக்கு அப்பால் வயல்கள் குறைந்து மேய்ச்சல் புல்வெளி விரியத் தொடங்கும். தெற்கு டகோட்டாவில் இந்தச் சாலையின் வேக வரம்பு மணிக்கு 80 மைல். எதிர்க்காற்றில் அந்த வேகத்தில் ஓட்டினால் பெட்ரோல் வழக்கத்தைவிட வெகு விரைவில் இறங்குகிறது. ஆகவே டேங்க் பாதியானதும் அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டேன். மேற்குப் பகுதி பங்குகளில் 85 ஆக்டேன் (ஆக்டேன் என்பது பெட்ரோலின் தர எண்) பெட்ரோலும் விற்கிறார்கள். என் கார் கையேடு 87க்குக் குறையக்கூடாது என்பதால், விலை குறைவு என்று கை தானாக அந்தக் குழாய்க்குப் போவதைத் தடுக்க வேண்டியிருந்தது.

வாங்கியவற்றில் முதலிடம் முழு அளவு ஸ்டெப்னிக்கு. காரோடு வந்த சிறிய ஸ்டெப்னி தார்ச்சாலையில் குறைந்த வேகத்தில் பட்டறைவரை போய்ச்சேர மட்டுமே உதவும்; சரளைக்கல் பாதையில் அதை நம்பி இறங்க முடியாது. 2019இல் பூங்காவின் சரளைக்கல் பாதையான சேஜ் கிரீக் ரிம் சாலையில் கூர்மையான கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தபோது, முழு அளவு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரத்தில் பயணத்தைத் தொடர்ந்தேன். ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க அடியில் வைக்கும் ஒரு சதுரப் பலகை அன்றுமுதல் காரை விட்டு இறங்கியதே இல்லை.

தண்ணீர் வடிகட்டி வாங்கியது வீண் செலவு. சேஜ் கிரீக் முகாமில் கட்டணமும் இல்லை, குடிநீரும் இல்லை. ஓடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணி வடிகட்டியோடு போனேன். அந்த நீர் நுண்ணிய களிமண் கலந்து பால்போல் வெளுத்திருக்கும். முதல் குவளை நிரம்புவதற்குள் வடிகட்டி அடைத்துக்கொண்டது. குறை கருவியுடையது அன்று. அங்கே ஓடும் நீரே அப்படிப்பட்டது. இப்போது 20 லிட்டர் கேன் ஒன்றை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு, பென் ரைஃபெல் பார்வையாளர் மையத்தில் மறுபடி நிரப்பிக்கொள்கிறேன். வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஜூலை நாள்களில் இரண்டு கேன் வேண்டும்.

அந்தக் களிமண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கிலிருந்து காற்றில் வந்து படிந்த எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் சிதைந்து பென்டொனைட் என்னும் களிமண்ணாகியிருக்கிறது. காய்ந்த நிலையில் அதன் மேற்பரப்பு பொரியைப் பரப்பிவைத்ததுபோல் இருக்கும். விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று உடையும். நீர் பட்டதும் பல மடங்கு உப்பி, சவர்க்காரம்போல் வழுக்கி, தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும். குன்றுகள் ஆண்டுக்கு ஓர் அங்குலம் அளவில் கரைந்து இத்தனை அழகான மடிப்புகளைக் காட்டுவதற்கும், கார் நடுவழியில் சிக்குவதற்கும் இதே மண்தான் காரணம். இப்பகுதியின் பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் இவ்விடத்தை 'மாக்கோ ஷிச்சா', அதாவது கெட்ட நிலம், என்று அழைத்ததன் பொருத்தத்தை நான் டயர் வழியாகவே உணர்ந்தேன்.

2021 ஜூனில், பூங்காவை ஒட்டிய பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில் ஒரு மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்த் தங்கினேன். மேற்கே கருத்திருந்த வானத்தைப் பார்த்தும் பொருட்படுத்தாதது என் தவறு. இருபது நிமிட மழைக்குப் பிறகு காரைக் கிளப்பினேன். நூறு மீட்டர்கூடப் போகவில்லை. டயரின் வரிகளெல்லாம் மண்ணால் நிரம்பி வழவழப்பாயின. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே மண் இறுகி, ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. நான்கு சக்கரங்களும் சுழன்றனவே தவிர, கார் பக்கவாட்டில்தான் நகர்ந்தது. செல்போன் சிக்னல் இல்லை. கார்மின் இன்ரீச் செயற்கைக்கோள் கருவி வழியாக, "நலமாக இருக்கிறேன், நாளை மதியம்வரை இங்கேயே இருப்பேன்" என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கேனில் இருந்த தண்ணீரை நம்பி அந்த இரவைக் கழித்தேன். காலையில் செங்கல்போல் இறுகியிருந்த மண்ணை ஸ்குரூடிரைவரால் குத்திக் குத்தி எடுத்தேன். பகல் பதினொன்றுக்குப் பாதையின் மேல் ஓடு காய்ந்து பாரம் தாங்கியது. மாதச் சந்தா கட்டணம் அந்தக் கருவிக்கு அதிகம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதன்பின் ஒருமுறைகூட அப்படி நினைக்கவில்லை.

அன்றுமுதல் கடைப்பிடிப்பது இது: அடுத்த 24 மணி நேரத்தில் மழைக்கு வாய்ப்பு இருந்தால் மண்பாதையில் இறங்குவதில்லை. பாதைகளுக்கு அமெரிக்க வனத்துறையின் இலவச வாகனப் பாதை வரைபடத்தைத் தாளில் வைத்திருக்கிறேன். தனியார் மேய்ச்சல் நிலங்களும் பொது நிலமும் கலந்து கிடக்கும் இடத்தில், எந்தப் பாதையில் வண்டி போகலாம் என்பதை செல்போன் வரைபடத்தைவிட அது தெளிவாகக் காட்டுகிறது.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் செல்லும் ஆண்டு அனுமதிச் சீட்டைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். 2024இல் அதன் விலை 80 டாலர்; பேட்லாண்ட்ஸில் ஒரு காருக்கு ஏழு நாள் கட்டணம் 30 டாலராக இருந்தது. பேட்லாண்ட்ஸை மட்டும் பார்ப்பவருக்கு அந்தச் சீட்டு வேண்டியதில்லை.

முதல் தடவை தனியாகப் போகிறவர், செப்டம்பர் நடுவில், பூங்காவை அடுத்த வால் (Wall) என்ற ஊரில் அறை எடுத்துக்கொண்டு, பூங்காவுக்குள் செல்லும் தார் போட்ட 240ஆம் எண் சாலையில் மட்டும் இரண்டு நாள் சுற்றுவதே நல்லது. மஞ்சள் மேடுகளை மாலை வெயிலில் பாருங்கள். காட்டெருமை சாலையில் நின்றால் காருக்குள்ளேயே இருந்து, அது தானாக நகரும்வரை காத்திருங்கள். எனக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் ஆயிற்று.